மாயை: நூலுக்கு நூல் பொருள் மாறும் சொல்லைப் படிப்பது எப்படி?

"எல்லாம் மாயை" என்று நம்மூரில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். பொய், நிலையில்லாதது, கண்ணைக் கட்டுவது என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். ஆனால் அந்த ஒரே அர்த்தத்தை வைத்துக்கொண்டு ரிக்வேதத்தைத் திறந்தால் முதல் மண்டலத்திலேயே தடுக்கி விழுவோம். சைவ சித்தாந்த நூலைத் திறந்தால் இன்னும் சிக்கல். அங்கே மாயை நம்மை இருட்டில் தள்ளுவதில்லை, இருட்டில் இருப்பவனுக்குக் கொடுத்த விளக்காக இருக்கிறது.

கீதை, தேவி மாகாத்மியம், திருவாசகம், சிவஞான சித்தியார் போன்றவற்றை உரையோடு படிக்கிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாயை என்ற சொல் கண்ணில் பட்டதும் எந்த வரிசையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

படி 1: இது யாருடைய மாயை?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பழைய நூல்களில் மாயை அந்தரத்தில் தொங்குவதில்லை, யாராவது ஒருவரின் உடைமையாக வருகிறது. வருணனின் மாயை, அசுரனின் மாயை, விஷ்ணுவின் மாயை, "என் மாயை" என்று கிருஷ்ணன் சொல்வது. மாயை உடையவனுக்கு "மாயின்" என்று ஒரு சொல்லே உண்டு.

அடுத்து, சொல் எந்த உருபோடு வருகிறது என்று பாருங்கள். "மாயயா", "மாயாபி:" என்று வந்தால் "மாயையால்", "மாயைகளால்" என்று பொருள். அங்கே மாயை ஒரு கருவி, ஒரு திறமை. அதைக் கொண்டு யாரோ எதையோ செய்கிறார். "இது மாயை" என்று எழுவாய்க்குப் பயனிலையாக வந்தால்தான் "உண்மையா, பொய்யா" என்ற கேள்வியே எழுகிறது. முதல் வகை வேதத்திலும் புராணத்திலும் நிறைய. இரண்டாவது வகை தத்துவ நூல்களின் சொத்து.

படி 2: வேதம் என்றால் "பொய்" என்ற அர்த்தத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள்

ரிக்வேதம் 1.11.7-ல், இந்திரன் மாயைகளைக் கொண்டு மாயையுடைய சுஷ்ணனை வீழ்த்தினான் என்று வருகிறது. ஒரே வரியில் தேவனிடமும் மாயை இருக்கிறது, அவன் எதிரியிடமும் இருக்கிறது. நம் பக்கம் இருந்தால் உபாயம், எதிராளி பக்கம் இருந்தால் சூது. சொல் மாறவில்லை, ஆள்தான் மாறுகிறான்.

இதைவிட அழகான இடம் 5.85.5. வருணனின் பெரும் மாயையை அறிவிக்கிறேன் என்று தொடங்குகிறார் கவி. என்ன அந்த மாயை? வருணன் நடுவானில் நின்றுகொண்டு, அளவுகோலால் அளப்பதுபோல் சூரியனைக் கொண்டு பூமியை அளந்தானாம். இங்கே "பொய்த்தோற்றம்" என்று போட்டுப் பாருங்கள், பாட்டே செத்துவிடும். அளத்தல் என்று பொருள்படும் "மா" என்ற வேரிலிருந்து மாயை வந்தது என்று சொல்பவர்களுக்கு இந்தப் பாட்டு பெரிய பலம்.

வேதச் சொற்களின் பழைய தொகுப்பான நிகண்டு (யாஸ்கர் உரை எழுதியது) மாயையை எந்தப் பட்டியலில் வைக்கிறது தெரியுமா? "பிரக்ஞை", அதாவது அறிவு என்பதன் பெயர்களில். சித்தம், தீ (புத்தி), வயுனம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில். இதை நினைவில் வையுங்கள், பல நூற்றாண்டு கழித்து ராமானுஜர் இதே பட்டியலைக் கையில் எடுப்பார்.

அதற்காக வேதத்தில் தோற்றம் என்ற சாயலே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. பத்தாம் மண்டலத்தில் (10.54.2) ஒரு கவி இந்திரனிடம், உன் போர்கள் என்று சொல்லப்படுபவை எல்லாம் உன் மாயையே, இன்றைக்கும் உனக்கு எதிரி இல்லை, முன்பும் இருந்ததில்லை என்கிறார். பிற்காலத்தில் பெரிதாக வளரும் பொருள் இங்கேயே எட்டிப் பார்க்கிறது.

அகராதி பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 1899-ல் வந்த மோனியர் வில்லியம்ஸ் அகராதி மாயைக்கு "கலை, ஞானம், அசாதாரண சக்தி" என்ற பொருள்களை முதலில் கொடுத்து, அவை பழைய மொழிக்கு மட்டும் உரியவை என்று குறிக்கிறது. நாம் அவசரத்தில் அந்தக் குறிப்பைத் தாண்டிவிட்டு, கீழே இருக்கும் பொருளைக் கொண்டுபோய் வேதத்தில் ஒட்டிவிடுகிறோம்.

படி 3: உபநிடதத்தில் எந்த உபநிடதம் என்று கேளுங்கள்

"உபநிடதங்கள் உலகை மாயை என்கின்றன" என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். பழமையான உபநிடதங்களில் இந்தச் சொல்லுக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு இடம் குறைவு. பிருகதாரண்யகத்தில் (2.5.19) வருவது ரிக்வேத மேற்கோள்தான்: "இந்த்ரோ மாயாபி: புருரூப ஈயதே", இந்திரன் தன் மாயைகளால் பல உருவங்களில் உலவுகிறான். பிரச்ன உபநிடதம் (1.16) கோணலும் பொய்யும் மாயையும் இல்லாதவர்களுக்கே பிரம்ம லோகம் என்கிறது. அது வெறும் கபடம், நம் பேச்சில் "மாய்மாலம்" என்கிறோமே, அது.

திருப்புமுனை சுவேதாசுவதரம் (4.10). "மாயையைப் பிரகிருதி என்று அறி, மாயை உடையவனை மகேசுவரன் என்று அறி." இதுவரை ஒரு தேவனின் திறமையாக இருந்தது, இங்கே உலகத்தின் மூலப்பொருளோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இந்த ஒரு வரியை அத்வைதியும் (சங்கரர் வழி வந்தவர்) மேற்கோள் காட்டுவார், விசிஷ்டாத்வைதியும் (ராமானுஜர் வழி வந்தவர்) காட்டுவார், சைவ சித்தாந்தியும் காட்டுவார். மூன்று பேரும் மூன்று இடத்துக்குப் போவார்கள். ஆகவே இந்த வரியை மட்டும் காட்டி யாராவது ஒரு முடிவைச் சொன்னால், எந்த மரபின் உரையை வைத்துப் பேசுகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: கீதை, பிரம்ம சூத்திரம் என்றால் இரண்டு உரைகளைத் திறந்து வையுங்கள்

ஒரே உரையோடு படித்தால் அந்த உரைகாரரின் கொள்கைதான் மூலத்தின் பொருள் என்று தோன்றிவிடும். நிறையப் பேருக்கு நடப்பது இதுதான். எனவே இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

கீதை 4.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பற்றவனாக இருந்தும் "ஆத்மமாயயா", என் மாயையால் தோன்றுகிறேன் என்கிறான் கண்ணன். சங்கரர் உரை: உடல் உடையவன் போலவும் பிறந்தவன் போலவும் ஆகிறேன், உலகத்தார் பிறப்பதுபோல் உண்மையில் அல்ல. அந்தப் "போல" என்ற சொல்லில்தான், பிரம்மம் ஒன்றே மெய் என்கிற முழு அத்வைதமும் உட்கார்ந்திருக்கிறது. ராமானுஜர் உரை: இங்கே மாயை என்றால் ஞானம். "மாயா வயுனம் ஞானம்" என்று படி 2-ல் பார்த்த நிகண்டைக் காட்டுகிறார். அவதாரம் மெய், உடம்பும் மெய், அவன் தன் சங்கல்பத்தால் எடுத்துக்கொள்வது.

7.14-ல் குணங்களால் ஆன என் தெய்வ மாயை கடக்க அரிது, என்னைச் சரணடைபவர்களே கடக்கிறார்கள் என்று வருகிறது. இங்கே ராமானுஜர், அசுரர்களின் அஸ்திரங்களை மாயை என்று சொல்வது விசித்திரமான காரியம் செய்வதால்தானே தவிர, அவை பொய் என்பதால் அல்ல என்று வாதிடுகிறார். விஷ்ணு புராணத்தில் சம்பரன் பிரகலாதன் மீது ஏவிய ஆயிரம் மாயைகளைச் சக்கரம் ஒவ்வொன்றாக அழித்தது என்று வரும் பகுதி அவருக்குப் பிடித்த ஆதாரம். இல்லாத ஒன்றை அழிக்கச் சக்கரம் எதற்கு? கெட்டிக்காரத்தனமான கேள்விதான்.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். உபநிடதக் கருத்துகளைத் தொகுத்துச் சொல்லும் பிரம்ம சூத்திரத்தில் மாயை என்ற சொல் வருவது ஒரே ஒரு இடத்தில், 3.2.3-ல். அதுவும் உலகத்தைப் பற்றி அல்ல, கனவைப் பற்றி. "மாயாமாத்ரம்", கனவு வெறும் மாயையே என்கிறது சூத்திரம். கனவில் தேர்கள் இல்லை, குதிரைகள் இல்லை, பாதைகள் இல்லை, ஆனாலும் அவற்றைப் படைக்கிறான் என்று பிருகதாரண்யகம் (4.3.10) சொன்னதைப் பற்றிய விசாரணை இது.

சங்கரர் நேராகப் போகிறார். கனவில் வரும் தேருக்கு வேண்டிய இடமோ நேரமோ காரணங்களோ கிடையாது, இந்தச் சிறிய உடம்புக்குள் தேர் ஓட இடம் எங்கே இருக்கிறது, ஆகவே கனவில் மெய்யின் வாடைகூட இல்லை. ராமானுஜர் அதே சொல்லை எடுத்து, மாயை என்றால் ஆச்சரியம் என்கிறார். அந்த ஒருவன் மட்டும், அந்தச் சில கணங்கள் மட்டும் அனுபவிப்பதற்காக, அவனுடைய கர்மத்துக்கு ஏற்ப இறைவனே படைக்கும் ஆச்சரியப் படைப்பு. ஆதாரம் வால்மீகி: ஜனகன் குலத்தில் பிறந்த சீதை "தேவமாயையால் படைக்கப்பட்டவள் போல" இருந்தாள். சீதை பொய் என்று எந்த வைணவர் ஒப்புக்கொள்வார்?

இரண்டெழுத்துச் சொல் ஒன்று, உரைகாரர் இருவர், கனவு ஒருவருக்கு ஒன்றுமில்லாததாகவும் மற்றவருக்குத் தெய்வத்தின் தனிப்பரிசாகவும் ஆகிவிடுகிறது. யாருடைய மாயை என்ற முதல் கேள்விக்கு இருவரும் வெவ்வேறு பதில் சொன்னதன் விளைவு இது.

சங்கரரை ஒரேயடியாக "எல்லாம் பொய் என்றவர்" என்று தள்ளிவிடவும் கூடாது. விழிப்பு உலகம் பிரம்ம ஞானம் வரும்வரை நிலைத்து நிற்கும், கனவோ தினமும் கலைகிறது என்று வேறுபடுத்தித்தான் சொல்கிறார். மேலே பார்த்த "இந்த்ரோ மாயாபி:" வரிக்கு அவர் முதலில் தரும் பொருள் "பிரக்ஞைகளால்" என்பதே, பிறகுதான் மாற்றாக நாமரூபங்களால், அதாவது பெயராலும் வடிவாலும், வந்த பொய்யான அபிமானங்கள் என்கிறார். அவருடைய பிரம்ம சூத்திர உரையில் மாயையைவிட அவித்யை (அறியாமை) என்ற சொல்லுக்கே வேலை அதிகம். "இந்தத் துவைதம் (இருமை) வெறும் மாயை, அத்வைதமே பரமார்த்தம் (முடிவான உண்மை)" என்று பட்டவர்த்தனமாகச் சொல்வது அவருக்கு முந்தைய கௌடபாதரின் மாண்டூக்ய காரிகை (1.17). "உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது" என்ற அநிர்வசனீயக் கொள்கையைப் பிற்கால அத்வைதிகள்தான் விரிவாக வளர்த்தார்கள்.

துவைத மரபின் ஆசாரியரான மத்வர் அந்தக் காரிகை வரியையே எடுத்து, மாயை என்றால் இறைவனின் பிரக்ஞை, அதனால் அளக்கப்பட்டுக் காக்கப்படுவதுதான் இந்தத் துவைதம் என்று தலைகீழாக்கிவிடுகிறார். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அவர் உரையில் மாயை என்று வந்தால் அங்கே விஷ்ணுவின் அறிவோ இச்சையோ பேசப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 5: இதிகாசமும் புராணமும்

இங்கே பெரிய தத்துவம் தேட வேண்டாம், கதையில் மாயை என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும். இந்திரஜித் மாயா சீதையை வெட்டுவது வித்தை. கம்பர் வால்மீகியில் இல்லாத மாயாசனகப் படலத்தைச் சேர்த்து, போலி ஜனகனைச் சீதை முன் கொண்டுவந்து நிறுத்துவதும் வித்தைதான்.

புராணத்தில் மாயை ஆளாகவே வருகிறாள். பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் யோகமாயை தேவகியின் கர்ப்பத்தை ரோகிணிக்கு மாற்றுகிறாள், யசோதைக்குப் பெண்ணாகப் பிறக்கிறாள், கம்சன் கையிலிருந்து நழுவி வானில் நிற்கிறாள். தேவி மாகாத்மியத்தில் நாட்டை இழந்த சுரதனும், குடும்பத்தால் விரட்டப்பட்ட சமாதி என்ற வணிகனும், விரட்டியவர்கள் மீதே தங்களுக்கு ஏன் பாசம் போகவில்லை என்று முனிவரிடம் கேட்கிறார்கள். ஞானிகளின் மனத்தையும் வலிந்து இழுத்து மோகத்தில் தள்ளுபவள் மகாமாயை என்கிறார் அவர். அதே மூச்சில், முக்தி தருபவளும் அவளே என்கிறார். கட்டுபவளே அவிழ்ப்பவள். சக்தியை முழுமுதலாக வணங்கும் சாக்த நூல்களில் மாயையைக் குற்றமாக மட்டும் படித்தால், கும்பிட வேண்டியவளைத் திட்டிக்கொண்டிருப்போம்.

படி 6: சைவ நூல் என்றால் அடியோடு வேறு கணக்கு

தமிழ் வாசகர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அத்வைத நூல் படித்துவிட்டு வந்த கையோடு சித்தியாரைத் திறந்தால், அதே சொல் வேறு ஆளாக நிற்கும்.

சைவ சித்தாந்தத்தில் மாயை மெய்ப்பொருள். உலகத்துக்கு முதற்காரணம். சிவஞான சித்தியார் ஒரே பாட்டில் அதன் லட்சணங்களை அடுக்குகிறது: "நித்தமாய் அருவாய் ஏக நிலையதாய் உலகத்திற்கோர் வித்துமாய் அசித்தாய் எங்கும் வியாபியாய் விமலனுக்கோர் சத்தியாய்..." அழியாதது, உருவமற்றது, ஒன்றாயிருப்பது, உலகின் வித்து, அறிவற்றது, எங்கும் பரந்தது, இறைவனுக்குச் சத்தி. இந்தப் பட்டியலில் "பொய்" என்பதைக் காணவே காணோம். உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி இவற்றைக் கொடுப்பது மாயை. "மலமுமாகி மயக்கமும் செய்யும்" என்று பாட்டின் கடைசியில் வருகிறது (மலம் என்பது உயிரைப் பற்றிய அழுக்கு), அதையும் மறக்க வேண்டாம்.

மாயை மூன்றாகப் பிரியும். சுத்த மாயையிலிருந்து சிவதத்துவம் 5, அசுத்த மாயையிலிருந்து வித்தியா தத்துவம் 7, பிரகிருதி மாயையிலிருந்து ஆன்ம தத்துவம் 24, ஆக 36 தத்துவங்கள், அதாவது உலகமும் உடம்பும் உருவாகும் கூறுகள். படிக்கும் பகுதியில் எந்த மாயை பேசப்படுகிறது என்று குறித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் கணக்கு இடிக்கும்.

உயிரை இருட்டில் வைத்திருப்பது மாயை அல்ல, ஆணவம். பேச்சில் சொல்லும் திமிர் அல்ல, உயிரின் அறிவை மறைக்கும் மலம். அந்த இருட்டில் கொஞ்சமாவது கண் தெரிய மாயை உதவுகிறது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் சொல்கிறார்: "விடிவாம் அளவும் விளக்கனைய மாயை." விடியும்வரை விளக்கு. சூரியன் வந்துவிட்டால் விளக்குக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். மாயையைப் பற்றி இந்தியத் தத்துவத்தில் இதைவிடப் பரிவான வரி எனக்குத் தெரியாது.

காஷ்மீர சைவத்திலும் 36 தத்துவங்கள் உண்டு, மாயை அதில் ஆறாவது. ஆனால் அங்கே அது சிவனுக்கு வேறான ஒரு பொருள் அல்ல. சிவன் தன் சுதந்திரத்தால் தன்னையே மறைத்துக்கொண்டு, வேற்றுமையைத் தோற்றுவிக்கும் சக்தி. அந்த மரபின் ஆசான் அபிநவகுப்தரை மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்கள் சித்தாந்தத்தின் மாயையை அங்கே ஏற்றிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 7: தமிழ் நூலில் அதே சொல்தானா?

ஒலி ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே சொல் ஆகிவிடாது. குறளில் "மண்புக்கு மாய்வது மன்" (996) என்று வருவது அழிதல் என்ற தமிழ் வினை. தொல்காப்பியத்தின் "மாயோன் மேய காடுறை உலகமும்" என்பதில் மாயோன், "மா" என்ற கருமையால் பெயர் பெற்ற கரிய நிறத்தவன் என்று கொள்வதே பொருத்தம். மயசபை, மயன் கட்டிய சபை. அதற்கும் மாயைக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் துரியோதனன் தண்ணீரில் விழுந்ததால் பலருக்கு மாயசபை என்றே மனத்தில் பதிந்துவிட்டது. "மாய மகளிர் முயக்கு" (918) என்று வள்ளுவர் சொல்லும்போது வஞ்சனை, தத்துவம் கிடையாது.

திருப்பாவையின் "மாயனை மன்னு வடமதுரை மைந்தனை" என்ற அடிக்கு வைணவ உரைமரபு, ஆச்சரியமான செயல்களை உடையவன் என்று பொருள் சொல்லும். படி 4-ல் பார்த்த அந்த ஆச்சரியம்தான் இது. ஆண்டாள் பாட்டில் கருமையும் சேர்ந்தே ஒலிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பாரதி "உண்மை அறிந்தவர் உன்னைக் கணிப்பாரோ, மாயையே" என்று பழிக்கும்போது, அவர் எதிரே நிற்பது தேவி மாகாத்மியத்தின் மகாமாயை அல்ல, மனத்திடம் இல்லாதவனை மயக்கும் வேதாந்த மாயை. இத்தனைக்கும் பாரதி பராசக்தி பக்தர்.

படி 8: ஒரு பயிற்சி

திருவாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலில் மூன்று இடம்.

முதலாவது, போற்றித் திருவகவலின் "மிண்டிய மாயா வாதம் என்னும் சண்ட மாருதம்". இது சுலபம். இங்கே பேச்சு மாயையைப் பற்றி அல்ல, மாயாவாதம் என்ற கொள்கையைப் பற்றி. மாணிக்கவாசகர் அதைச் சூறாவளி என்கிறார்.

இரண்டாவது, சிவபுராணத்தின் "மாயப் பிறப்பறுக்கும் மன்னன் அடிபோற்றி". நிலையற்ற பிறப்பா, மாயையால் ஆன பிறப்பா? இரண்டும் பொருந்தும். ஆனால் மெய்கண்டார் வழிவந்த சித்தாந்த நூல்கள் 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, திருவாசகம் அவற்றுக்கு முந்தியது. பின்னால் வகுத்த இலக்கணத்தை முன்னால் வந்த பாட்டில் ஏற்றும்போது கொஞ்சம் தயங்கலாம்.

மூன்றாவது, அதே சிவபுராணத்தில்: "மறைந்திட மூடிய மாய இருளை, அறம்பாவம் என்னும் அருங்கயிற்றால் கட்டி, புறந்தோல் போர்த்து எங்கும் புழுஅழுக்கு மூடி, மலஞ்சோரும் ஒன்பது வாயிற் குடிலை". படி 6-ஐ அப்படியே இங்கே வைத்துப் பாருங்கள். சித்தாந்தக் கணக்கில் இருள் ஆணவம், கயிறு கன்மம் (வினை), தோல் போர்த்திய குடிலான உடம்புதான் மாயையின் காரியம். சித்தாந்த வழியில் உரை சொல்பவர்கள் மூன்று மலங்களையும் இந்த அடிகளில் அப்படித்தான் பிரித்துக் காட்டுவார்கள். அதாவது "மாய" என்ற சொல் நிற்கும் இடத்தில் இருப்பது ஆணவம், மாயை இருக்கும் இடத்தில் அந்தச் சொல்லே இல்லை.